புகைக்குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடுமாம்

இன்று காலை மச்சானோடு கல்முனைக்குடியில் ஒரு படகுச் சாமான் கடைக்குப் போனேன். அவருடைய ஸ்பீட் போட் இன்ஜினுக்குப் புதிய புகைக்குழாய் வேண்டுமாம்.

கடைக்கார அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, இரண்டு வகையை மேசையில் வைத்தார். ஒன்று கண்ணாடிபோல் மின்னும் மெல்லிய குழாய்கள். மற்றது தடித்தது, நல்ல பாரம்.

"இந்தப் பாரமானது என்னத்துக்கு காக்கா?" என்று கேட்டேன்.

"இதுக்கு ரெண்டு சுவர் இரிக்கி தம்பி. நடுவால தண்ணி ஓடும். வெளிப்பக்கம் அவ்வளவு சுடாது."

கொதிக்கும் புகை போகிற குழாயைச் சுற்றித் தண்ணீர்! உள்ளே எட்டிப் பார்த்தேன், விரலால் தட்டியும் பார்த்தேன்.

"அப்ப மின்னுறது?"

"அது பந்தயத்துக்கு. பாரம் கொறைவு, சத்தம் கூட. ஓடக்குள்ள நெருப்பாச் சுடும்."

மச்சானின் கை மின்னுவதை விட்டு அசையவில்லை. பொத்துவில் கடலில் அந்தச் சத்தத்தோடு பறப்பதுபோல் ஒரு முகம்.

பிறகு தன் மனைவியான என் ராத்தாவுக்கு வீடியோ கோல் எடுத்து இரண்டையும் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினார்.

ராத்தா ஒன்றுதான் கேட்டார். "நம்மட புள்ளையளும் அந்த போட்லதானே வாற?"

மச்சான் மெதுவாகக் கையை எடுத்தார். "ஓம்... ஆனா சத்தம் கொறையுமே?"

"சத்தம் வேணுமெண்டா வீட்ட வாங்க. நான் இரிக்கன்தானே."

காக்கா சிரித்துக்கொண்டே பாரமானதைப் பொதி செய்யத் தொடங்கினார்.

போட் வைத்திருப்பவர்களே, ஒரு சந்தேகம். உப்புத் தண்ணீர் ஓடினால் அந்தக் குழாய் உள்ளே அரித்துப்போகாதா? கடையில் கேட்க மறந்துவிட்டேன். மச்சானிடம் இப்போது கேட்டால், மின்னுவதை எடுக்கத் திரும்பவும் கடைக்குப் போய்விடுவார்.