மாமா தோற்ற விவாதம்

கொரோனாக் காலத்தில் எங்கள் வீட்டில் டிவி விவாதம் முடிந்த பிறகுதான் உண்மையான விவாதம் ஆரம்பமாகும். டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தி ஓய்ந்து, நடத்துகிறவர் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அப்பாவின் போன் அடிக்கும். எதிர்ப்பக்கம் மாமா. அம்மாவோடு கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான், தம்பி. மதுரை டவுனுக்குள் மாமாவும் அத்தையும் குடியிருந்தார்கள். மாமாவுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. நாங்கள் சமயநல்லூரில் இருந்தோம். ரோட்டு மேலேயே அப்பாவின் பெயிண்ட், குழாய் சாமான் கடை, அதற்குப் பின்னால் வீடு.

இரண்டு பேரும் பார்ப்பது வேறு வேறு சேனல். ஆகவே இரண்டு பேருக்கும் வேறு வேறு கொரோனா. மாமாவின் கொரோனா காற்றில் மிதந்து வரும், கதவு இடுக்கில் நுழையும், பால் பாக்கெட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அதனால் அவர் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவார். அப்பாவின் கொரோனா டில்லியில் இருக்கும், பம்பாயில் இருக்கும். எங்கள் ஊர் வெயிலுக்குப் பயந்து இந்தப் பக்கம் வராது. வந்தாலும் இரண்டு தும்மலோடு போய்விடும்.

“எம்புட்டுப் பேரு செத்தான் நம்ம ஊருல? செத்தவன எல்லாம் கை தூக்கச் சொல்லு பாப்போம்” என்பார் அப்பா.

“செத்தவன் எப்படி மச்சான் கை தூக்குவான்?” என்பார் மாமா.

அப்பா ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் போனுக்குள் போய்விட்டதால் பகல் முழுக்கச் சுவாரசியம் எதுவும் கிடையாது. மாலையில் இந்தச் சண்டைதான் எனக்குப் பொழுதுபோக்கு. யார் எத்தனை பாயிண்ட் எடுத்தார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பேன். சத்தத்தில் அப்பா ஜெயிப்பார். விஷயத்தில் மாமா ஜெயிப்பார். அம்மாவிடம் தீர்ப்புக் கேட்டால், “சோறு ஆறுது, வந்து சாப்புடுங்க” என்பதுதான் தீர்ப்பு.

கடையைத் திறந்தால்தான் அடுப்பு எரியும் என்கிற மனிதருக்குக் கொரோனா பெரிதாக இருந்தால் கட்டுப்படியாகாது. வீட்டில் உட்கார்ந்தபடியே சம்பளம் வாங்குகிறவருக்குப் பயப்பட நேரம் இருந்தது. அதோடு மாமாவுக்குச் சிறு வயதிலேயே சுகர். இதையெல்லாம் நான் அப்போது யோசிக்கவில்லை. இரண்டு பேருக்கும் பிடிவாதம், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முதல் அலை ஓய்ந்தது. கோயில்களைத் திறந்தார்கள், கல்யாணங்கள் நடந்தன, முகக்கவசம் எல்லோருக்கும் தாடைக்கு இறங்கியது. அப்பா வெற்றி வீரராக வலம் வந்தார். மாமா மட்டும் அடங்கவில்லை. இப்போது கிருமி உருமாறுகிறது என்ற புதுச் செய்தியைக் கொண்டுவந்தார்.

“மாறுனா மாறிட்டுப் போகுது. என்ன, வேசமா கட்டுது?” என்றார் அப்பா.

“முன்ன விட வேகமாப் பரவுமாம் மச்சான். ஒருக்கா வந்தவனுக்கே திரும்ப வருமாம்.”

“ஏ மாப்ள, ஆளையெல்லாம் கொன்னுட்டா அந்தக் கிருமி எங்க போயிக் குடியிருக்கும்? அதுக்கும் பொழப்பு ஓடணும்ல? நாளாக நாளாக அதுவே அடங்கிரும்.”

“அது அடங்குறதுக்குள்ள நாம அடங்கிருவோம் மச்சான்!”

அன்றைக்கு மாமாவுக்கு இரண்டு பாயிண்ட் கொடுத்தேன்.

வேடிக்கையாக இருந்த இந்தச் சண்டை என் தம்பியின் காதுகுத்தில் வந்து கசந்தது. எங்களில் காது குத்துவது ஒற்றைப்படை வயதில். மூன்று வயதில் ஏதோ தட்டிப்போயிற்று. ஐந்தில் வைக்கலாம் என்று இருந்தபோது ஊரடங்கு வந்தது. பங்குனி தாண்டினால் அவனுக்கு ஆறு பிறந்துவிடும், அப்புறம் ஏழு வரைக்கும் காத்திருக்க வேண்டும். அப்பா கீழக்குயில்குடிப் பக்கம் மலையடியில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில் நாள் குறித்து, கிடாய்க்கும் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் மாமாவுக்குப் போன் போட்டார். அதுதான் அவர் வழக்கம்.

காதுகுத்தில் தகப்பனுக்கு வேலை எதுவும் இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். சீர்த்தட்டோடு மேளம் வைத்து வர வேண்டும். மொட்டை போட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மடியில் உட்கார்ந்தால்தான் ஆசாரி ஊசியையே எடுப்பார்.

“கேஸ் திரும்ப ஏறுது மச்சான். ரெண்டு மாசம் போகட்டும். இல்லாட்டி ஏழு வயசுல வச்சுக்கிருவோமே” என்றார் மாமா.

“ஊரு ஒலகமே விசேசம் வச்சுக்கிட்டு இருக்கு. ஒனக்கு மட்டும் கிருமி தேடி வருதாக்கும்?”

“வெளையாட்டு இல்ல மச்சான். கூட்டத்துலதான் பரவுது. எனக்குச் சுகர் வேற இருக்கு.”

“வெட்டவெளியில என்ன பரவப் போகுது? மலைக் காத்துக்கு அது நிக்குமா?”

அதுவரைக்கும் வழக்கமான விவாதம்தான். பிறகு அப்பாவின் குரல் தணிந்தது. அவர் குரல் தணிந்தால்தான் பயப்பட வேண்டும்.

“செலவு ஆகும்னு பாக்குறியா மாப்ள? ஒண்ணும் கொண்டுவர வேணாம். வர இஷ்டமில்லாட்டி அதையும் சொல்லிரு. கீழக்குயில்குடியில ஒன் பெரியப்பா மகன் இருக்கான்ல, அவன் மடியில வச்சுக் குத்திக்கிறேன்.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. மாமா போனை வைத்துவிட்டார். கூடப் பிறந்தவன் இருக்கும்போது மடியை இன்னொருவனுக்குக் கொடுப்பதென்றால், இந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடே இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்வதற்குச் சமம். எனக்கே அது தெரிந்திருந்தது.

அம்மா அப்பாவோடு சண்டை போடவில்லை. தன் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நானும் துணி எடுக்கிற சாக்கில் பின்னால் போனேன்.

“நீ வராத தம்பி. சுகர வச்சுக்கிட்டு கூட்டத்துக்குள்ள வர வேணாம். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக, பேசிட்டுப் போகட்டும். நான் கேட்டுக்கிறேன். எனக்கு நீ நல்லா இருந்தாப் போதும்டா.”

மறுநாள் காலையில் அப்பாவின் போனுக்கு மாமாவிடமிருந்து செய்தி வந்தது. ‘வாரேன் மச்சான். மடி என்னோடது’ என்று மட்டும் இருந்தது. அப்பா அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்தேன். மாமா வருகிறார் என்ற சந்தோஷமாகவும் இருந்திருக்கலாம். அம்மா மட்டும் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

சொன்னபடி மாமா வந்தார். வந்த கோலத்தைத்தான் பார்க்க வேண்டும். பட்டு வேட்டி, மேலே ஒன்றுக்கு இரண்டாக முகக்கவசம், அதற்கும் மேலே நெற்றியிலிருந்து கழுத்து வரை பிளாஸ்டிக் தகடு, கைகளில் நீல உறை. முன்னால் மேளம், பின்னால் அத்தையும் சீர்த்தட்டுகளும். கோயிலில் கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

“என்ன மாப்ள, வெல்டிங் பட்டறையில இருந்து நேரா வாறீகளா?” என்று யாரோ கேட்க, மாமாவும் தகட்டுக்குள் சிரித்தார். ஆனால் எதையும் கழற்றவில்லை. கூட்டத்தை விட்டு விலகி, வேப்பமரத்தடியில் தனியாக நின்றுகொண்டார்.

தம்பிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே சவரக்கத்தியைப் பார்த்து அழுது களைத்திருந்தான். மணையில் உட்கார்ந்திருந்த உருவத்தைப் பார்த்ததும் வீறிட்டான். மாமாவைப் பார்த்தே ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. கண்ணைத் தவிர எதுவும் தெரியாத ஒரு முகத்தின் மடியில் போய் உட்காரு என்றால் எந்தப் பிள்ளை உட்காரும்? அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றான். மாமா கையை நீட்டினார். நீல உறையைப் பார்த்து இன்னும் அழுகை கூடியது. ஊசி போட வந்த டாக்டர் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

ஆசாரி நல்ல நேரம் போகிறது என்று முணுமுணுத்தார். “பெரியப்பா மகன் மடியில வைங்கப்பா, எல்லாம் ஒண்ணுதான்” என்று ஒரு பெரிசு குரல் கொடுத்தது.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. மாமா முதலில் தகட்டைக் கழற்றினார். பிறகு உறைகளை. பிறகு இரண்டு முகக்கவசங்களையும். “டேய் மருமகனே, மாமன்டா” என்று முழு முகத்தோடு சிரித்தார். தம்பி ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத் தாவி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான். குலவைச் சத்தத்தில் மலையே அதிர்ந்தது. ஊசி இறங்கியபோது அவன் மாமாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு கத்தினான். ஒருமுறை கழற்றியதை மாமா மறுபடி மாட்டவில்லை. பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார். அப்பா அவர் இலையில் ஈரலாகப் பார்த்துப் பார்த்து எடுத்துப் போட்டார். அப்படி ஒரு சந்தோஷமான நாள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வரவில்லை.

சித்திரை பிறந்ததும் ஊரெங்கும் காய்ச்சல். அப்பா இருமினார். அம்மாவுக்கு ரசம் கொதிக்கிற வாசனை தெரியவில்லை. எங்களுக்கு எல்லாம் சில நாளில் சரியாயிற்று. மாமாவுக்கு மட்டும் மூச்சு வாங்கத் தொடங்கியது. அப்பா கடையை இழுத்து மூடினார். ஊரடங்குக்கே முழுதாக மூடாத மனிதர். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஆக்சிஜனோடு ஒரு படுக்கை கிடைக்காதா என்று பைக்கில் மதுரை முழுக்க அலைந்தார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு படுக்கை வாங்கினார். உள்ளே யாரையும் விடவில்லை. போனில் பேசலாம் என்றார்கள்.

ஒரு மத்தியானம் மாமா கூப்பிட்டார். அப்பா வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டார். அம்மா ஓடி வந்தாள். எனக்கு ஒரே குஷி. விவாதம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

“மச்சான்… நீங்க சொன்னதுதான்… சரி.”

“என்ன மாப்ள?”

“சும்மா சளிதான். டிவிக்காரன் பேச்சக் கேட்டு… நான்தான் கெடந்து பயந்துட்டேன்.”

“லூசு மாதிரிப் பேசாத. இது பழைய கிருமி இல்ல. மாறி வந்திருக்கு, நெஞ்சப் பிடிக்குது. டாக்டர் குப்புறப் படுக்கச் சொன்னாரா இல்லையா? படு. மூஞ்சியில மாட்டியிருக்கத எக்காரணம் கொண்டும் கழட்டாத.”

“பெருசாக்குறாக மச்சான்… ஒண்ணும் இல்ல.”

“பெருசாக்கலடா! எம்புட்டுப் பேரு போறாகன்னு தெரியுமா ஒனக்கு?” என்று கத்திய அப்பா சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

மாமா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “இன்னொண்ணு மச்சான். கோயில்ல வரல. எங்க ஆபீஸ் கேசியருக்கு… இருந்துச்சு. அங்கதான்… ஒட்டிருக்கும். வெட்டவெளியில பரவாது. சரிதான?”

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“சரின்னு சொல்லுங்க மச்சான்.”

“இல்ல மாப்ள” என்றார் அப்பா. அம்மா போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று பேசியது பாயிண்ட் கிடைக்காமல் திணறியதால்தான் என்று நினைத்தேன். அதனால்தான் கடைசியில் ஒத்துக்கொண்டார். தம்பியிடம் போய், “அப்பா ஜெயிச்சுட்டாருடா, மாமா தோத்துட்டாரு” என்று சொன்னேன். ஆனால் எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. எதிராளியே தோல்வியை ஒத்துக்கொண்ட பிறகு இவர் எதற்குக் கட்சி மாறிச் சண்டை போடுகிறார்?

அதற்குப் பிறகு மாமாவின் குரலை நாங்கள் கேட்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. முகம் முதற்கொண்டு உடம்பு முழுவதையும் கட்டித்தான் கொடுத்தார்கள்.

சில நாள் கழித்து அத்தையை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தோம். உள் அறையில் படுத்தே கிடந்தார். துக்கத்துக்கு யாரும் நேரில் வரக்கூடாது என்பதால் சொந்தக்காரர்கள் போனில்தான் கேட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: அம்புட்டு பத்திரமா இருந்த ஆளு, எங்க வச்சு வந்துச்சு?

“எங்க விசேசத்துலதான் வந்துச்சு. வரமாட்டேன்னு சொன்னவன நான்தான் மல்லுக்கட்டி வர வச்சேன்” என்பார் அப்பா. உள் அறைக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொல்வார்.

“ஆபீஸ்ல வந்துச்சு. அவனே சொன்னான்” என்பாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

அடுத்த போன் வரும். அப்பா மறுபடியும் அதையே சொல்வார். அம்மாவும் மறுபடியும் அதையே சொல்வாள். மாமா தன் வாயால் சொன்னதை நானும்தான் கேட்டேன். செத்துப்போன மனிதரிடம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு அப்பாவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.