பல்லைக் கடித்துக்கொண்டு

டெப்போவில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. ‘சகுனம்’ என்றால்தான் தெரியும். பேருந்து ஓட்டுநர். படியில் கால் வைக்கும்போது எவராவது தும்மினால், இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். எண்களைக் கூட்டினால் எட்டு வருகிற வண்டியைத் தொடவே மாட்டார். கெஞ்சிக் கூத்தாடியாவது வேறொருவர் தலையில் கட்டிவிடுவார். கேலி செய்கிறவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்.

"இத்தனை வருஷத்துல என் வண்டியில ஒரு கோழிக்குஞ்சாவது அடிபட்டிருக்கா? சொல்லு பாப்போம்."

யாராலும் சொல்ல முடியவில்லை. அதுவே அவருக்குப் போதுமான அத்தாட்சியாகிவிட்டது.

அப்படிப்பட்டவரின் இடது முழங்கால் தேய்ந்துபோனது. கிளட்ச்சை மிதித்து மிதித்தே போயிற்று என்றார் அவர். வயதுக்கும் உடம்பின் கனத்துக்கும் அதில் பங்குண்டு என்றார் டாக்டரம்மா. எதுவானால் என்ன, படி இறங்கினால் உள்ளே மணல் அரைபடுகிற சத்தம் கேட்டது. ஓட்டுவதை நிறுத்தி, வண்டி கழுவும் இடத்தில் மேற்பார்வைக்கு உட்கார வைத்தார்கள். நாளெல்லாம் ஈரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு, மற்றவர்கள் ஸ்டியரிங் பிடித்துப் போவதைப் பார்க்கப் பார்க்க வயிறெரிந்தது.

மூட்டு மாற்றிவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் முடிவானது. பதினேழாம் தேதி கொடுத்தார்கள்.

"ஒண்ணும் ஏழும் எட்டு. வேற நாள் குடுங்கம்மா" என்றார்.

அவருக்கு ஒரு கண்டக்டர் கூட்டாளி இருந்தார். அந்தக் கூட்டாளிக்கு இடுப்பு மூட்டு மாற்றியதும் இப்படியொரு எட்டில்தான். படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அந்தக் கண்டக்டருக்கு ஏற்கெனவே இதயம் பழுதென்பதை இவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. சிரித்தார்.

"எனக்கும் அந்தக் கிறுக்கு உண்டுய்யா. ஆபரேஷன்னா ஒரே பழைய பச்சைத் தொப்பிதான் போடுவேன். சாயம் போயிருச்சுன்னு நர்ஸுங்க கிண்டல் பண்றாங்க. ஆனா தொப்பியை மறந்துட்டு வந்தா ஆபரேஷனை நிறுத்தமாட்டேன். மூட்டு என்ன தேதி பாத்தா ஒட்டுது? சர்க்கரை ஏறியிருக்கா, உடம்புல எங்கயாச்சும் புண்ணு, சீழ் இருக்கா, அதுதான் நான் பயப்படுற சகுனம்."

இவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிதான் அதைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாதம் தள்ளி ஒன்பதாம் தேதி கிடைத்தது. அதற்குள் கால் வில்லாக வளைந்து, கைத்தடி இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாத நிலைமை. ஆனாலும் மனிதர் உற்சாகமாகத்தான் இருந்தார். தேதி அமைந்துவிட்டதே!

அந்த வாரத்தில்தான் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது.

"என்னங்க, ஒரு பக்கமாவே மெல்லுறீங்க?"

"ஒண்ணுமில்ல."

மனைவி பள்ளிக்கூடச் சமையலறையில் நூறு பிள்ளைகளை மேய்க்கிறவள். அவளிடம் இந்த ஒன்றுமில்லை எல்லாம் செல்லுமா? தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஈறு புடைத்து, நடுவில் வெள்ளையாக முனை கட்டியிருந்தது.

"சீழ் வச்சிருக்கு. டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்கல்ல? ஒரு போன் போட்டுச் சொல்லிடுவோம்."

"சொன்னா தள்ளிடுவாங்க. தள்ளினா அடுத்து எந்தத் தேதியில போய் முட்டுமோ! பல்லு எங்க இருக்கு, முட்டி எங்க இருக்கு? நீ வாயத் தொறந்தேன்னா அப்புறம் உன்கூட எனக்குப் பேச்சே கெடையாது."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் வலி மாத்திரையை விழுங்கி, உப்புத் தண்ணீரில் கொப்பளித்து நாளைக் கடத்தினார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நர்ஸ் வரிசையாகக் கேட்டாள். காய்ச்சல் உண்டா, சிறுநீர் எரிச்சல் உண்டா, தோலில் புண் உண்டா?

"பல்லு வலி ஏதாவது?"

நாக்கு தானாகப் போய் அந்த ஈற்றைத் தடவியது.

"கல்லு மாதிரி இருக்கும்மா" என்றார்.

நர்ஸ் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். கட்டிலின் கால்மாட்டில் நின்ற மனைவி, மடித்த போர்வையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் அன்று எல்லாம் கூடிவந்தது. தும்மல் இல்லை, தடங்கல் இல்லை. தள்ளுவண்டியில் படுத்தபடி மனைவிக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அவளோ வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை எழுந்தாள். இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா வெளியே வந்து, "நல்லா முடிஞ்சுது" என்றார். மறுநாளே மனிதர் எழுந்து நடந்தார். டெப்போ ஆட்கள் பார்க்க வந்தபோது காலை நீட்டி மடக்கிக் காட்டி, "தேதின்னா சும்மாவா?" என்றார். மனைவியும் சிரித்தாள். ஆனால் வந்தவர்கள் போனபின், தையல் போட்ட இடத்தை அவள் குனிந்து பார்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் முட்டி சிவந்தது. கை வைத்தால் அடுப்பங்கல்லாகச் சுட்டது. வீடு திரும்பிய டாக்சியின் எண்ணைக் கூட்டிப் பார்க்காமல் ஏறிவிட்டதுதான் காரணம் என்று அவர் முனகினார். குளிர்க்காய்ச்சலில் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டபோதுதான் அதையும் நிறுத்தினார்.

ஊசி போட்டு முட்டியிலிருந்து நீரை இழுத்தார்கள். வந்தது நீரில்லை, கலங்கிய மஞ்சள் சீழ். டாக்டரம்மா அந்த ஊசிக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதைக் கண்டதும் மனைவி உடைந்தாள்.

"அவருக்குப் பல்லுல சீழ் இருந்துச்சும்மா. ஆபரேஷனுக்கு முன்னாடியே. நாந்தான் சொல்லாம விட்டுட்டேன்."

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பாமலே, "அவ இல்லம்மா. நாந்தான் அவ வாய அடைச்சேன்" என்றார்.

"பல்லுலேருந்துதான் கிருமி ரத்தத்துல கலந்து வந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "ஆனா தெரிஞ்சிருந்தா அன்னைக்கு உங்கமேல கத்தியே வச்சிருக்கமாட்டேன்."

பல்லைப் பிடுங்கினார்கள். முட்டியைத் திறந்து கழுவிப் பார்த்தும் சீழ் அடங்காததால் புது மூட்டையும் கழற்றினார்கள். அந்த இடத்தில் கிருமியைக் கொல்லும் மருந்து கலந்த சிமெண்டுக் கட்டியைத் தற்காலிகமாக வைத்து மூடினார்கள். மாதக்கணக்கில் அதோடு கிடந்தார். தினமும் ஊசி. நல்ல வாட்டசாட்டமான ஆள், பாதியாகிப் போனார். மனைவி வேலையை விட்டாள். அவர் பேச்சை விட்டார். ரத்தப் பரிசோதனை சரியான பிறகு இரண்டாவது மூட்டு வைத்தார்கள். அது எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவுமில்லை.

இப்போது நடக்கிறார். கால் பாதிதான் மடங்குகிறது. கிளட்ச்சை மிதிக்கிற காலாக அது இனி ஆகாது. கிருமி மறுபடி தலைதூக்கலாம், அசட்டையாக இருக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். விழித்ததும் அவர் முதலில் செய்வது வலது முட்டியில் ஒரு கை, இடது முட்டியில் ஒரு கை வைத்துப் பார்ப்பது. இரண்டும் ஒரே சூடாக இருந்தால் எழுந்திருப்பார்.

போன வாரம் ஒரு நாள் காலையில் அப்படி இல்லை.

"இந்தா, இங்க வந்து தொட்டுப் பாரு" என்று கூப்பிட்டார்.

அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டு வந்து தொட்டாள். ஒரு பக்கம் தொட்டாள், மறுபக்கம் தொட்டாள். கை மறுபடி இடது முட்டிக்கே போனது.

"போனைப் போடு" என்றார் அவர். "நானே பேசுறேன்."