தங்கத்தாய் பெட்டியைத் தூக்கிப் போகமாட்டாள்

குற்றாலலிங்கம் அண்ணாச்சிக்குத் தங்கத்தாய் பதினாலாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். வட்டிக்கு வாங்கியதும் இல்லை, கைமாற்றும் இல்லை. அண்ணாச்சியின் கருப்பட்டிக் கடைக் கம்ப்யூட்டரில் கிடந்த மூன்று வருடக் கணக்கை ஒரே மத்தியானத்தில் அழித்த கடன்.

தங்கத்தாய் லேசுப்பட்டவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். பீடி சுற்றினாள். டி.வி. மெக்கானிக் கடையைக் கூட்டிப் பெருக்கப் போய், அங்கே பற்றவைக்கிறதைப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தாள். இன்றைக்கு வள்ளியூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சொந்தமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை, சொந்தப் பெயரில் பலகை. "படிச்சவன் புஸ்தகத்தைப் பாப்பான், நான் மெஷினைப் பாப்பேன்" என்பாள். சொன்னபடி பார்க்கவும் செய்வாள்.

சறுக்கியது அந்த ஒரு இடத்தில்தான். நான்கு வருடங்களுக்கு முன்னால், மற்ற எல்லாரையும் போல அவளும் எந்தக் கோளாறு என்றாலும் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறவளாக இருந்தாள். காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஒரே ஊசி. அண்ணாச்சியின் கணக்கு வேறு பக்கம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி அழித்தாள். அது விண்டோஸ் இருந்த அதே பக்கத்தில்தான் இருந்தது, அதோடு சேர்ந்து போயிற்று. பழைய பில் கட்டுகளை வைத்து இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள். கூலி பதினாலாயிரம்.

தங்கத்தாய் கம்மலை அடகு வைத்துப் பணத்தோடு போய் நின்றாள். அண்ணாச்சி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒன் பணமும் வேண்டாம், நீயும் வேண்டாம். இனி என் கடைப் படி ஏறாத."

அதற்குப் பிறகு கடைவீதியில் அவள் பெயர் 'கணக்கை முழுங்குன தங்கத்தாய்.' அந்தப் பணம், இருபத்தெட்டு ஐந்நூறு ரூபாய்த் தாள், பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. வாடகைக்கு முட்டிய மாதத்திலும் அவள் அதைத் தொடவில்லை. கம்மலை மட்டும் உழைத்து மீட்டாள். அன்றிலிருந்து நோய் தெரியாமல் எதையும் அழிப்பதில்லை, மெஷின் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்காமல் பெட்டியைத் தூக்கிப் போவதில்லை என்று இரண்டு சட்டம் வைத்துக்கொண்டாள்.

இந்த ஐப்பசி மழையில் அண்ணாச்சியின் மெஷினுக்குப் பேய் பிடித்தது. பில்லில் தொகையை அடித்தால், அடித்த எண் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மறைந்தது. சங்கர் என்கிற மெக்கானிக் பெட்டியைத் தன் கடைக்குத் தூக்கிப் போய், கணக்கைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொண்டுவந்தான். இரண்டு நாள் வெயில், இரண்டு நாள் சுகம். மறுபடி மேகம், மறுபடி பேய். மூன்று தடவை இப்படியே. ஒவ்வொரு தடவையும் அறுநூறு ரூபாய்.

நான்காவது தடவை சங்கர் பெட்டியை எடுக்கக் குடையோடு கிளம்பியதைத் தங்கத்தாய் பார்த்துவிட்டாள். கடையைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். நான்கு வருடமாக ஏறாத படியில் ஏறினாள்.

"யாரைக் கேட்டு ஏறுன?" என்றார் அண்ணாச்சி.

"யாரையும் கேக்கல. அண்ணாச்சி, பெட்டியை இங்கனயே விடச் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிக்கல்லன்னா என் கடைப் பலகையை நானே கழத்திப்புடுதேன்."

சங்கர் சிரித்தான். "யக்கா, நீ ஒருதடவை கண்டுபிடிச்சதை ஊரே பேசுது."

"பேசட்டும்லே. ஒன் கடையில இந்தப் பேய் ஒரு தடவையாவது ஆடுச்சா?"

"இல்ல. அங்கன நல்லாத்தான் ஓடுது."

"அப்ப பேய் பெட்டிக்குள்ள இல்ல. இங்கனதான் இருக்கு."

அண்ணாச்சி நாள்காட்டியைப் பார்த்தார். ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுக்க இரண்டே நாள்தான் இருந்தது. "இருந்து தொலை" என்றார். "கை வச்சிராத."

தங்கத்தாய் கை வைக்கவே இல்லை. முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி வந்த சரக்கில் ஒரு துண்டை உடைப்பார், வாயில் போடுவார், விரலை வேட்டியில் லேசாகத் துடைப்பார், பில் அடிப்பார். வருடக்கணக்காக அதே விரல், அதே பழக்கம். மூன்று மணிக்கு மழை பிடித்தது. சற்று நேரத்தில் திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன.

"பாத்தியா, பாத்தியா. தின்னுது" என்றார் அண்ணாச்சி.

தங்கத்தாய் பைய எழுந்து கீபோர்டின் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கினாள். எண்கள் அப்படியே நின்றன. மறுபடி சொருகினாள். மறுபடி ஓடின.

"லே சங்கரு, நீ மூணு தடவையும் எதைத் தூக்கிட்டுப் போன?"

"பெட்டியை."

"கீபோர்டு?"

சங்கர் கீபோர்டைக் குனிந்து பார்த்தான். அவன் கடையில் சொருகுவதற்கு அவனுடைய கீபோர்டு இருக்கிறது.

எழுத்தை அழிக்கிற கட்டையைத் தங்கத்தாய் ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்தாள். அடியில் பழுப்பாய்ப் பிசின் மாதிரி ஒட்டிக்கிடந்தது. கட்டை அமுங்கினால் எழவிடாமல் பிடித்துக்கொள்ளும் பிசின். அதைச் சுரண்டி அண்ணாச்சியிடம் நீட்டினாள். அவர் யோசிக்காமல் நாக்கில் வைத்தார்.

"உடன்குடிச் சரக்கு" என்றார். அப்புறம்தான் அவருக்கே விளங்கியது. முகம் சிவந்துபோயிற்று.

"மழை ஈரத்துல கருப்பட்டி இளகும்னு நான் சொல்லியா அண்ணாச்சிக்குத் தெரியணும்? சரக்கை ஈரம் ஏறாமப் பரண்ல ஏத்திப் புகை போடுதீக. இதுக்கு யாரு புகை போடுவா?"

சங்கர்தான் முதலில் சிரித்தான். அண்ணாச்சியும் வயிறு குலுங்கச் சிரித்தார். கட்டைகளையெல்லாம் கழற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காயவைத்து மாட்டினாள். கொட்டுகிற மழையில் அண்ணாச்சி ஐம்பது பில் அடித்தார். ஒரு எண்கூட ஓடவில்லை.

"கூலி முந்நூறு" என்றாள் தங்கத்தாய். வாங்கி முந்தியில் முடிந்தாள். பிறகு பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். வீட்டுக்கும் கடைக்கும் தினமும் அவளோடு போய்வருகிற டப்பா.

"இது எதுக்கு? அதான் கணக்கைக் காப்பாத்திட்டியே. கழிஞ்சு போச்சு தாயி."

"அன்னைக்குக் கோவத்துல வேண்டாம்னீக. இன்னைக்குச் சந்தோசத்துல வேண்டாங்கீக. நான் கழிவு கேக்கல அண்ணாச்சி, கையை நீட்டுங்க. சங்கரு, நீயும் பாத்துக்க. கடைவீதியில போய்ச் சொல்லு."

அண்ணாச்சி வேட்டியில் விரலைத் துடைத்தார், இந்தத் தடவை நன்றாகவே. கையை விரித்து நீட்டினார். தங்கத்தாய் தாளைத் தொட்டுத் தொட்டு, வாய்விட்டு எண்ணி வைத்தாள். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு.