மீன் பைக்குள் கிடந்த மாத்திரைகள்

ஒருத்தர் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவரையே கேட்டால் பாதிக்குப் பாதி பொய் சொல்வார். அவர் வீட்டுக் குப்பையைக் கொட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். என் பிழைப்பு அதுதான். கடலூர், சிதம்பரம் இரண்டு ஊர்க் குப்பையிலும் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து எடைபோட்டுச் சொல்கிற ஆய்வு வேலை. இவ்வளவு படித்துவிட்டுக் குப்பையைக் கிளறுகிறாளே என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கொட்டட்டும். அவர்கள் தெருக் குப்பையையும் நான் பார்த்திருக்கிறேன்.

வேலைமுறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. காலையில் சீட்டு குலுக்கி ஒரு தெருவை எடுப்போம். அந்தத் தெருவில் அன்றைக்குக் குப்பை வாங்கிய பேட்டரி வண்டி, ஊருக்கு வெளியே இருக்கும் குப்பைக் கிடங்குக்கு வந்து நாங்கள் விரித்திருக்கும் தார்ப்பாயில் கொட்டும். அதை மண்வெட்டியால் கிளறிப் பரப்பி நான்கு பங்காக்குவோம். எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் கையால் பிரிப்போம். ஒதுக்கியதை ஜேசிபி தள்ளிக்கொண்டுபோய்க் குப்பை மேட்டில் சேர்த்துவிடும். ஒதுக்கிய பங்கில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

என்னோடு பிரிக்கிற பெண்கள் கையுறையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வாய் ஓயாது. பலா சீசனில் கடலூர்த் தார்ப்பாய் முழுக்கப் பண்ருட்டிச் சக்கையாக வந்து பிசினாக ஒட்டும். அன்றைக்குப் பேச்சில் பாதி வசவு. காலி சென்ட் பாட்டில் கிடைத்தால் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, வீட்டுக்காரர் துபாயிலா சிங்கப்பூரிலா என்று பந்தயம் கட்டுவார்கள். அவர்களில் மூத்த அக்கா ஒருத்தி. அவளுக்கு எதைப் பார்த்தாலும் கிண்டல்தான்.

சிதம்பரத்தில் நானும் என் அம்மாவும் மட்டும் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். அம்மா கடலூர்ப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். எனக்கு நினைவு தெரிந்த நாளாக மீன் விற்கிறாள். என் படிப்புக்காகச் சிதம்பரம் வந்து இங்கே மார்க்கெட்டில் இடம்பிடித்து உட்கார்ந்தவள் அப்புறம் எழுந்திருக்கவேயில்லை. போன வருஷம் அவளுக்கு நெஞ்சடைப்பு வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்: ரத்தம் உறையாமல் இருக்க ஒரு ரோஸ் கலர் மாத்திரை, அதை நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு ஆளே போய்விடலாம்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கிழமைக்கு ஓர் அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா வாங்கி, ஞாயிறு தவறாமல் நானே மாத்திரைகளைப் பிரித்துப் போடுவேன். அம்மா விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள். எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை அன்றைய அறையைத் திறந்து பார்ப்பதுதான். காலியாக இருந்தால் பல் விளக்கப் போவேன். அது ஒருநாளும் காலியாக இல்லாமல் இருந்ததில்லை.

அன்றைக்குச் சீட்டில் எங்கள் சந்து விழுந்தது.

"மேடம் வீட்டு வண்டவாளம் இன்னிக்குத் தண்டவாளம் ஏறப் போவுது" என்றாள் அக்கா.

"ஏறட்டுமே. எங்க வீட்ல இன்னா இருக்கு, மீன் செதிலும் டீத்தூளும்தான்" என்றேன். உண்மையில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. வண்டி கொட்டியது, பரப்பினோம், நான்காக்கினோம், இரண்டு பங்கை ஒதுக்கினோம். ஜேசிபி வந்து அதை அள்ளிக்கொண்டு போயிற்று.

கொஞ்ச நேரத்தில் அக்கா ஒரு கறுப்புப் பையை வயிற்றில் கீறினாள். குபீரென்று மீன்குடல் நாற்றம். அதற்குள் கையை விட்டுத் துழாவியவள், நியூஸ் பேப்பரில் சுருட்டிய ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே மாத்திரைகள்.

"அட்டையில இருந்து எடுத்து, பொட்டலம் கட்டி, குடலுக்குள்ள சொருவி வச்சிருக்குது பாரேன்" என்று சிரித்தாள்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "திமிரு. ஆஸ்பத்திரில க்யூவுல நின்னு வாங்கறது, வூட்டுக்கு வந்து குப்பைல போடறது. நாளைக்கு எதுனா ஆனா டாக்டர் சட்டையப் புடிக்கறது" என்று பொரிந்து தள்ளினேன். எடைத்தட்டில் வைப்பதற்காகக் கையை நீட்டினேன். அக்கா என் உள்ளங்கையில் கொட்டினாள். ஈரத்தில் கொஞ்சம் ஊறியிருந்தன. எல்லாமே ரோஸ் கலர். வட்டம்.

ஊரில் எத்தனையோ பேர் இந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் அந்தப் பையின் வாயைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் குப்பத்தில் வலைக்கயிற்றுக்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், நாயோ பூனையோ எப்படி இழுத்தாலும் அவிழாது. எங்கள் சந்தில் குப்பைப் பைக்கு அந்த முடிச்சைப் போடுகிறவர்கள் அம்மாவைத் தவிர வேறு யாருமில்லை.

"இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி" என்று அக்கா கேட்டது காதில் விழுந்தது. நிமிர்ந்து மேட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் புகைந்துகொண்டு, ஒரு பக்கம் கொக்கு உட்கார்ந்துகொண்டு, அது பாட்டுக்குக் கிடந்தது. அதற்குள் இதுபோல எத்தனை பொட்டலம் போயிருக்கிறதோ. எப்போது நிறுத்தினாள்? போன வாரமா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமா? இந்தப் பை ஒதுக்கிய பங்கில் விழுந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அதைவிட ஒன்று சுட்டது. ஊரே கட்டிப் போட்ட மூட்டையை அவிழ்க்கிறவள் நான். ஆனால் எங்கள் வீட்டு மீன் கழிவுப் பையைத் தொட மாட்டேன். அந்த நாற்றம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அங்கே வைத்திருக்கிறாள்.

மாத்திரைகளைப் பேப்பரில் சுருட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் மார்க்கெட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம், அவள் இடம் காலியாக இருக்கும், பக்கத்துக் கடைக்காரி ஓடி வந்து ஏதாவது சொல்லப்போகிறாள் என்று மனசு படம் காட்டிக்கொண்டே இருந்தது. அம்மா இருந்தாள். அருவாமனையில் பாறை மீனை நறுக்கிக்கொண்டு, வாங்க வந்த பெண்ணிடம் தலை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். உயிரோடு அவளைப் பார்த்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அம்மா பார்த்தாள். மறுக்கவில்லை. மீனை நறுக்கி முடித்து, பையில் போட்டுக் கொடுத்து, அந்தப் பெண் போனபிறகு சொன்னாள்.

"அதப் போட்டா ரத்தம் நிக்க மாட்டேங்குது பாப்பா. முள்ளு லேசா கீறுனாலும் ஊத்திக்கினே இருக்குது. மீன் மேல சொட்டுது. பாக்கறவங்க மூஞ்ச சுளிச்சிக்கினு அடுத்த கடைக்குப் போறாங்க. எத்தினி வருஷமா வாங்கறவங்க தெரியுமா?"

"அதுக்காகச் செத்துப் போவியா?"

"மத்த மாத்திரைலாம் போடறேன். அது ஒண்ணுதான். வாரத்துல ரெண்டு நாள் அதையும் போடத்தான் செய்றேன்."

மார்க்கெட் என்றும் பார்க்காமல் கத்தினேன். "நான் டெய்லி டப்பாவத் தொறந்து பாக்கறேனே, அது உனக்கு வெளையாட்டா இருந்துச்சா?" அம்மா அருவாமனையை ஈரத் துணியில் துடைத்தாள். "நீ பயப்படுவன்னுதான் டப்பாவுல வுட்டு வைக்கல" என்றாள். எனக்கு அவளை அடிக்கலாம்போல இருந்தது. கட்டிப்பிடிக்கலாம்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

ஈசிஜி எடுத்தார்கள். புதிதாக ஒன்றுமில்லை. "இதுவரைக்கும் தப்பிச்சிருக்கீங்க, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். வெட்டு பட்டால் துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும், நின்றுவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். அம்மா தலையாட்டினாள். வெளியே வந்ததும், "சும்மா குந்திக்கினு இருந்தா மீன வெட்டறது யாரு, அவுரு வந்து வெட்டுவாரா?" என்றாள்.

அதிலிருந்து டப்பாவை நான் நம்பவில்லை. விடியற்காலை அவளுக்கு முன்னால் எழுந்து, மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். "நான் இன்னா திருடியா?" என்பாள். காட்டுவாள். மீனை வெட்டக் கூடாது, முழுசாக விற்றால் போதும் என்றும் சட்டம் போட்டேன். ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் மார்க்கெட்டில் எட்டிப் பார்த்தேன். வழக்கமாக வாங்கும் ஒரு பெண்மணி, "வெட்டித் தரலன்னா வூட்ல யாரு ஆயறது, ஆபீஸ் போவணுமில்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார். அம்மா அவர் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஐஸை அள்ளி மீன்மேல் போட ஆரம்பித்தாள். இப்படியே போனால் இவள் மறுபடியும் மாத்திரையை எங்காவது ஒளிப்பாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அன்று முழுக்க எந்தப் பையைக் கீறினாலும் ரோஸ் கலரைத்தான் தேடினேன்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் அருவாமனையில் நான் உட்கார்ந்தேன். செதில் முகத்தில் தெறித்தது. குடலை உருவும்போது குமட்டிக்கொண்டு வந்தது. அம்மா பக்கத்தில் நின்று, துண்டு பெரிசு, துண்டு சின்னது என்று நச்சரித்தாள். கிடங்குக்குப் போனால் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "மேடம், குப்பையே தேவலாம்போல இருக்குது, கொஞ்சம் தள்ளிக் குந்துங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கொஞ்ச நேரமாவது நெஞ்சு லேசாக இருந்தது.

சில நாள் கழித்துச் சங்கரா மீனின் முதுகு முள் என் கட்டைவிரலில் ஏறியது. நன்றாகவே ஏறிவிட்டது. ரத்தம் பொலபொலவென்று வந்து பலகையில் சொட்டியது. அம்மா பதறிப்போய்த் தன் முந்தானையை வைத்து விரலை அழுத்திப் பிடித்தாள். மீனுக்கு நின்றிருந்த பெண்மணி, "பரவால்ல, மெதுவா வெட்டுங்க" என்றார். அம்மா முந்தானையை விலக்கிப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது.

அம்மா என் விரலை விடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கும் இப்பிடித்தான் சட்டுனு நின்னுடும்" என்றாள். "போன வருஷம் வரைக்கும்."

நான் கையை உருவிக்கொண்டு மிச்சச் சங்கராவை நறுக்கினேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு கையிலும் மீன் ரத்தம், துடைக்க முடியவில்லை. அம்மாதான் துடைத்துவிட்டாள்.