பலராமன் பொறுக்கிய சைக்கிள் லைட்டு

ஆரணியில் ஒரு பட்டுப்புடவை முதலாளியிடம் பலராமனுக்குப் புடவை பார்க்கும் வேலை. தறிக்காரர்கள் நெய்து கொண்டுவருவதை அவர் விளக்கடியில் தொடவே மாட்டார். உச்சி வெயிலில் முற்றத்துக்குத் தூக்கிப்போய் விரித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "ஆவும்" என்றால் புடவை உள்ளே போகும். வெறும் "ம்" என்றால் நெய்தவரோடு வீட்டுக்குத் திரும்பும். இருபது வருஷமாக அதை மறுத்துப் பேசியவர் கிடையாது. நாளடைவில் மாடு வாங்கவும் மாப்பிள்ளை பார்க்கவும்கூட அந்தக் கண்ணை இரவல் கேட்டு வந்தார்கள். அந்தப் பேர் ஒன்றுதான் அவருடைய சொத்து.

எழுபத்தெட்டாம் வருஷம், லைட்டு இல்லாத சைக்கிள்களைப் போலீஸ்காரர் நிறுத்திக் காற்றைப் பிடுங்க ஆரம்பித்தார். பலராமன் வீடு சேவூரில். தினமும் கடை அடைத்து, இருட்டோடு ஏரிக்கரை வழியாகப் போக வேண்டும். ஆகவே ஒரு நாள் மத்தியானம் வீரபாகுவின் சைக்கிள் கடைக்குப் போனார். வீரபாகு மூன்று டைனமோ லைட்டுகளை எடுத்து வைத்தார். பலராமன் மூன்றையும் தெருவுக்குக் கொண்டுவந்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் தட்டினார். வேட்டி நுனியால் துடைத்து, முகம் தெரிகிறதா என்று சோதித்தார்.

"பொழுது போனப்புறம் வாங்கண்ணா. மாட்டித் தரேன், ஓட்டிப் பாத்து எடுத்துக்குங்க" என்றார் வீரபாகு.

"இருட்டுல எவனாவது சாமான் வாங்குவானா? வெயில்ல காட்டினாதான்பா குத்தம் தெரியும்."

கூடியிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். உச்சியில் சிவப்புக் கல் பதித்து, பூ வேலை செய்த கண்ணாடி போட்ட லைட்டைப் பார்த்து, கடைசியில் "ஆவும்" என்றார் பலராமன்.

அந்த ஒரு சொல்லுக்கு அந்த வாரமே பதினோரு பேர் அதே லைட்டை வாங்கி மாட்டிவிட்டார்கள்.

வாங்கிய அன்று இரவே ஏரிக்கரையில் லைட்டு எரியத்தான் செய்தது. ஆறிப்போன டீ நிறத்தில் ஒரு வெளிச்சம் வந்து முன் மட்கார்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. முக்கி மிதித்தால் கிளம்பி, புளியமரக் கிளைகளைக் காட்டிற்று. ரோடு மட்டும் அதன் கண்ணில் படவேயில்லை. பலராமன் குத்துமதிப்பாக ஓட்டி வீடு சேர்ந்தார். லைட்டு எப்படி என்று கேட்ட மனைவி பொன்னியம்மாளிடம், பகல் மாதிரி இருக்கிறது என்று சொன்னார்.

மற்ற பதினோரு பேரும் தங்கள் வீட்டில் அதையேதான் சொன்னார்கள். ஒருவருக்கு முட்டி பெயர்ந்தது, ஒருவர் கால்வாயில் இறங்கி ஏறினார். லைட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ரோடு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். பேச்சு முற்றி, பஞ்சாயத்துக்கு மனு எழுதி, முதல் கையெழுத்துக்குப் பலராமனிடமே கொண்டுவந்தார்கள். ரோடு போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பலராமன் பேனாவைத் திறந்தார். அப்போது தறிக்கார இராஜமாணிக்கம், நெற்றியில் பிளாஸ்திரியோடு, பணிவாகக் கேட்டார்.

"என் தம்பி ரைஸ் மில்லுல சேந்துகிறான்ணா, சாயந்திர ஷிப்டு. இருட்டுல வந்துகினு போவணும். அவனுக்கும் இதே லைட்டு வாங்கிடட்டுமா? நீங்க சொன்னா சரி."

பலராமன் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். கால்வாயின் ஆழம் அவருக்குத் தெரியும்.

"வாணாம்பா."

"ஏன்ணா?"

"அதுல ஒரு மண்ணும் தெரியல."

யாரும் திடுக்கிடவில்லை. முட்டி பெயர்ந்தவர் மட்டும் பெருமூச்சு விட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"மொத நாளே தெரியும்ணா" என்றார் இராஜமாணிக்கம். "நீங்களே சொல்லட்டும்னுதான் இருந்தோம்."

மனுவைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் கிளம்பினார்கள். பலராமனுக்குப் போன தீபாவளி நினைவுக்கு வந்தது. இராஜமாணிக்கத்தின் மயில்கழுத்துப் புடவையை, சாயம் மட்டம் என்று அவர் திருப்பி அனுப்பியிருந்தார். அந்தச் சாயம் நிஜமாகவே மட்டம்தானா என்று கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என வாசல்வரை வந்தார். கேட்கவில்லை. அன்றைக்கும் இராஜமாணிக்கம் இதே பணிவோடுதான் தலையாட்டிவிட்டு, புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்.