நெஞ்சுப் பெட்டிக்காரர்களுக்கு மார்க் போட்ட கதை

அடுத்தவர் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று அவர்களுக்கே சொல்லிச் சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது. தேனியில் ஒரு இதய மருத்துவமனையில் டிவைஸ் டெக்னீஷியன். இதயம் பலவீனமான சிலருக்கு, தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கு அடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றை டாக்டர் வைத்திருப்பார். துடிப்பு கண்டபடி ஓட ஆரம்பித்தால் அந்தப் பெட்டி உள்ளிருந்தே ஒரு ஷாக் கொடுத்து ஆளைக் காப்பாற்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் என்னிடம் வருவார்கள். சட்டைக்கு மேலே ஒரு வட்டக் கருவியை வைப்பேன். பெட்டி பார்த்ததெல்லாம் என் திரையில் வந்துவிடும்.

இதோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். எங்கள் டாக்டர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். வயது, இதயம் ரத்தம் இறைக்கும் அளவு, சர்க்கரை, கிட்னி, இதுவரை வாங்கிய ஷாக், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நடமாட்டம் (இதைப் பெட்டியே கணக்கெடுத்து வைத்திருக்கும்) என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட வேண்டும். கூட்டிப் பார்த்தால், வருகிற வருடத்தை யார் சுலபமாகத் தாண்டுவார், யாருக்குச் சிரமம் என்று ஓரளவு தெரியுமாம். பச்சை, மஞ்சள், சிவப்பு. மார்க் போடும் வேலை என் தலையில் விழுந்தது. நாளைக்கு மழை என்று சொல்லிவிட்டு வெயிலில் நின்று திட்டு வாங்கியவர்களே, வரன் கட்டாயம் அமையும் என்று சொல்லி மாட்டிக்கொண்ட தரகர்களே, உங்கள் பெஞ்சில் எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

மூட்டையும் காயும்

உத்தமபாளையத்து பாய் ஒருவர் ஏலக்காய் வியாபாரி. அவருக்கு மஞ்சள் வந்தது. "அப்ப என் கணக்கு என்னம்மா?" என்று கேட்டார். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன்: உங்களைப் போல நூறு பேரை எடுத்துக்கொண்டால் பெரும்பாலானவர்கள் நன்றாக இருப்பார்கள், சிலருக்கு மட்டும் சிரமம் வரலாம். "அந்தச் சிலர்ல நான் உண்டா?" என்றார். அது தாளுக்குத் தெரியாது என்றேன்.

பாய் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. கடைக்கு வந்த சரக்கு சரியில்லை என்றால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நாலு காயை உருட்டிப் பாத்து மூட்டைக்கு வெல சொல்றவன் நான். நீங்க மூட்டையப் பாத்துட்டு ஒத்தக் காய்க்கு வெல சொல்றீகளேம்மா!"

மடையில் விழுந்த அடி

கம்பத்துப் பக்கம் ஒரு நெல் விவசாயி. வாய்க்காலில் யாருக்கு முதலில் தண்ணீர் என்று பக்கத்து வயல்காரரோடு சண்டை. அவர் சட்டையை இவர் பிடித்த நேரத்தில் இவருக்குத் துடிப்பு தறிகெட்டு, பெட்டி ஷாக் கொடுத்துவிட்டது. இவர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பிடிபட்ட பக்கத்து வயல்காரருக்கும் விரலோரம் ஒரு சுரீர். மனுசன் சண்டையை அங்கேயே போட்டுவிட்டு, இவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டு எங்களிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். பெட்டிதான் இவர் உயிரைக் காப்பாற்றியது என்று நான் எவ்வளவு சொல்லியும் கொண்டுவந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஷாக் அடித்தால், அடித்த இடத்தையோ பக்கத்தில் நின்ற ஆளையோ செய்துகொண்டிருந்த வேலையையோ குற்றவாளியாக்காமல் இங்கே யாரும் விடுவதில்லை. போகும்போது என்னிடம் முறையிட்டார்: "சண்டைன்னா கையால அடிக்கணும். இந்தாளு கரண்டு வச்சுல்ல அடிக்கிறாரு!"

தினம் ஆறு மணி நேரம்

லோயர் கேம்ப் ஊர்க்கார அண்ணன் ஒருவர், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். பெட்டி வைத்த பிறகு வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓட்டவில்லை என்று சத்தியம் செய்தார். அவர் நடமாட்டக் கணக்கைப் பார்த்து நான் அசந்துபோனேன். தினம் ஆறு மணி நேரம்! ஞாயிற்றுக்கிழமை மட்டும் குறைவு. தாளில் தாராளமாக மார்க் போட்டேன். பச்சை. வெளியே காத்திருந்தவர்களிடமெல்லாம், "அண்ணனைப் பாருங்க, எப்படி நடக்கிறார்" என்று அவரைக் காட்டிப் பேசினேன். அவரும் மறுக்காமல் அடக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை அவர் மனைவியும் கூட வந்தார். நான் மறுபடியும் புகழ ஆரம்பித்தேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சத்தியத்தில் பொய் இல்லை, அண்ணன் ஓட்டவில்லை. மச்சானை ஓட்ட வைத்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தினமும் குமுளி மலைக்கும் தோட்டத்துப் பாதைக்கும் குலுங்கிக் குலுங்கிப் போய்வந்திருக்கிறார். அந்தக் குலுக்கலையெல்லாம் பெட்டி நடை என்று எழுதி வைத்திருக்கிறது. அந்த அம்மா சொன்னார்: "அவுக எங்க நடந்தாக, பாப்பா? ஜீப்புல்ல நடந்துச்சு!"

சிவப்புத் தாள்

இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. வருசநாட்டிலிருந்து வரும் பாண்டியம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முன்பெல்லாம் அவர் கணக்கில் தினம் மூன்று மணி நேர நடமாட்டம் இருக்கும். ஒரு தடவை வந்தபோது அது கால் மணி நேரமாகச் சுருங்கிக் கிடந்தது. இடையில் ஒரு ஷாக்கும் வாங்கியிருந்தார். மார்க்கைக் கூட்டினேன். சிவப்பு. அன்று கூட்டம் வேறு. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே, கூட வந்திருந்த மகன் முருகனிடம், "அம்மாவுக்குச் சிவப்பு வந்திருக்கு, கொஞ்சம் கவனமாப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் மாத்திரையை மாற்றி, ஒரு மாதத்தில் வரச் சொன்னார். முருகன் காதில் என் வார்த்தை மட்டும்தான் நின்றிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து பாண்டியம்மாளின் மகள் செல்வி தனியாக பஸ் ஏறி வந்தாள். காலேஜில் கடைசி வருடம். "அக்கா, எங்கம்மா எத்தனை மாசம் இருக்கும்?" என்றாள். ஏன் கேட்கிறாய் என்று விசாரித்தேன். அம்மா கண்ணை மூடுவதற்குள் தங்கை கழுத்தில் தாலி ஏறிவிட வேண்டும் என்று முருகன் ஆவணியிலேயே கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டானாம். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை. படிப்பு வேண்டாம், பெண் வந்தால் போதும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களாம். "அம்மா போயிரும்னா நான் கட்டிக்கிறேன்க்கா. இல்லைன்னா எனக்குப் படிக்கணும். அதான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த ஜீப் ஞாபகம் வந்தது. "அம்மா வீட்ல என்ன பண்றாங்க?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது ஷாக் அடித்ததாம். அலுங்கினால் மிஷின் அடிக்கும் என்று முருகன் முடிவு கட்டிவிட்டான். அன்றிலிருந்து சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கட்டிலுக்கே வருகிறது. எந்திரித்தால் மகன் கையெடுத்துக் கும்பிடுகிறான். நான் மார்க் போட்டது கட்டிலுக்கு.

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மறுநாளே மூன்று பேரையும் வரவழைத்தார். எக்கோவும் ரத்தப் பரிசோதனையும் பழைய அளவிலேயே இருந்தன. நடந்ததால் ஷாக் வரவில்லை, வந்த ஷாக்கால்தான் அம்மா இருக்கிறார், இனி தினம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும் என்று முருகனுக்குப் படம் போட்டு விளக்கினார். முருகன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். பாசத்தில் செய்தவன் அவன். அவசரத்தில் பேசியவள் நான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆவணிக் கல்யாணம் நின்றது.

மூன்று மாதம் கழித்து பாண்டியம்மாள் வந்தார். திரையில் நடமாட்டக் கோடு மெல்ல ஏறி இரண்டு மணி நேரத்தைத் தொட்டிருந்தது. தாளில் மஞ்சள். பச்சை இல்லை, அதையும் மறைக்காமல் சொன்னேன். இந்த இதயத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பது அவருக்கும் தெரியும். மகளின் கடைசிப் பரீட்சை சித்திரையில். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, என் திரையைக் கையால் தட்டிச் சொன்னார்: "அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் நடந்துக்கிட்டேதான் இருப்பேன். அதையும் உன் தாள்ல எழுதிக்க தாயி."

அதற்கு எத்தனை மார்க் என்று தாளில் எங்கும் இல்லை. ஆனால், வீட்டில் கட்டில் எங்கே கிடக்கிறது, வாசலில் ஜீப் நிற்கிறதா என்று கேட்ட பிறகே இப்போதெல்லாம் நான் பேனாவைத் திறக்கிறேன்.