மூடியில் வைத்த சந்தனம்

போன வாரம் மாமியாருக்குக் கண் காட்டுவதற்காகப் பாளையங்கோட்டைப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருந்தபோது வராந்தா முனையிலிருந்து ஒரு மிஷின், பிடித்துத் தள்ள ஆளே இல்லாமல், தானாகத் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. முன்பக்கம் ஒரு சின்னத் திரை. அதில் இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் வரைந்திருந்தது. யாராவது குறுக்கே நின்றால், 'தயவுசெய்து வழி விடுங்கள்' என்று செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது. எல்லோரும் அதன் முகத்தைப் படம் எடுத்தார்கள். நான் மட்டும் முதுகுப் பக்கத்தைப் பார்த்தேன். அது போன தடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு ஈரக்கோடு காயாமல் கிடந்தது.

"ரப்பர் மடங்கிக் கெடக்கு" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டு, எழுந்து போய்க் குனிந்தும்விட்டேன். காவலாளி ஓடி வந்தார். "எம்மா, அதத் தொடப்பிடாது!" மாமியார் சொட்டு மருந்து விட்ட கண்ணைத் திறக்காமலே, "அங்கன என்னட்டி செய்யுத?" என்றார். அவரிடம் விளக்கிச் சொல்ல அது நேரமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் துப்புரவுப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றதும் பெரிய பட்டாளம் என்று நினைத்துவிட வேண்டாம். நானும் பேச்சியக்காவும்தான். பேச்சியக்கா முக்கூடலிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட நன்றாக மூத்தவள். சின்ன வயதில் பீடி சுற்றி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவள், கடைக்கு வந்து முழங்காலையும் கெடுத்துக்கொண்டாள். ஏனென்றால் கடை அண்ணாச்சிக்குக் கம்பு வைத்த மாப்பில் நம்பிக்கை கிடையாது. மூலையில் அழுக்கு நிற்கும் என்பார். ஈரத்துணியோடு முட்டி போட்டுத் தவழ்ந்துதான் துடைக்க வேண்டும். துடைத்து முடித்து எழுந்திருக்கும்போது அக்கா முதலில் சுவரைப் பிடிப்பாள், அப்புறம் என்னைப் பிடிப்பாள். கோவிலில்கூட அவள் விழுந்து கும்பிடுவதை விட்டிருந்தாள். "சாமிக்குத் தெரியும், நான் விழுந்தா எந்திரிக்க மாட்டேம்னு" என்பாள்.

கடையை இடித்துப் பெரிதாக்கிக் கிரானைட் போட்டபோது அண்ணாச்சிக்கு எப்படியோ மனம் வந்து ஒரு தரை தேய்க்கும் மிஷின் வாங்கினார். சாம்பல் நிறம், பின்னால் தொங்கும் தடித்த குழாய். "எட்டி, யான வந்திருக்கு!" என்றாள் பேச்சியக்கா. அன்றிலிருந்து அந்தக் குழாய்க்குத் தும்பிக்கை என்று பெயர். அடியில் பிரஷ் தண்ணீர் விட்டுத் தேய்க்கும். பின்னால் ரப்பர் பட்டை அழுக்குத் தண்ணீரை ஒன்று சேர்க்கும். மேலே ஒரு மோட்டார் காற்றை உறிஞ்ச, அந்தத் தண்ணீர் தும்பிக்கை வழியாக ஏறி, மூடி போட்ட தொட்டிக்குள் விழும். தேய்க்கிறதை யாரும் செய்துவிடலாம். உறிஞ்சுகிறதுதான் அந்த மிஷினின் உயிர். அது நின்றால் கடை முழுக்கத் தண்ணீர் இறைத்த மாதிரி ஆகிவிடும்.

காலையில் வந்ததும் தும்பிக்கையின் அடிமுனையைக் கழற்றி, மோட்டாரைப் போட்டு, உள்ளங்கையை வைத்துப் பார்ப்போம். "இழுக்குதாட்டி?" "இழுக்குதுக்கா." கையை எடுத்தால் உள்ளங்கையில் சிவப்பாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். மருதாணி வைத்துக்கொண்டவர்கள் போல ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிப்போம். இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது, ஆனால் அந்த வட்டத்தைப் பார்க்காமல் எங்களுக்கு வேலை ஓடாது.

தும்பிக்கை அடைத்துக்கொண்டால் அக்கா துடைப்பக் கம்பை விட்டுக் குடைவாள். உள்ளேயிருந்து என்னவெல்லாம் வரும் தெரியுமா? பட்டு நூல், விலைச்சீட்டு, ஊக்கு, வாடின பிச்சிப்பூ. ஒரு தடவை ஒற்றை மெட்டி வந்தது. மைக்கில் அறிவித்தோம். புடவை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் காலைப் பார்த்த காட்சி இருக்கிறதே, அதற்கே சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கலாம். தொட்டியைக் கழுவி மூடியைத் திறந்துபோட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மறந்தால் மறுநாள் அழுகின ஆகாயத்தாமரை வாடை குப்பென்று அடிக்கும். மறக்கிறவள் பெரும்பாலும் நான்தான்.

மிஷின் வந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. தராசு, தையல் மிஷின், கத்திரிக்கோல் எல்லாவற்றுக்கும் அண்ணாச்சி பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். எங்கள் யானையை மட்டும் பேச்சியக்கா விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் அதை அக்கு அக்காகக் கழற்றிக் கழுவினோம். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை அள்ளி அள்ளி வைத்தாள். சக்கரத்துக்கு, கைப்பிடிக்கு, தும்பிக்கைக்கு. தொட்டியின் மூடியைத் திறந்து உள்விளிம்பைச் சுற்றிலும் கோலப்புள்ளி மாதிரி வைத்தாள். "எம் முட்டக் காப்பாத்துன சாமிட்டி இது" என்று முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். அப்படியே மூடினோம்.

பூஜை முடிந்து மறுநாள் மிஷினை எடுத்தால் மோட்டார் வீர் என்று கத்துகிறது, தண்ணீர் மட்டும் தரையிலேயே கிடக்கிறது. கையை வைத்தேன். கன்றுக்குட்டி நக்கின மாதிரி லேசாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான். வட்டம் விழவில்லை.

அண்ணாச்சி, மிஷின் வாங்கின மதுரைக் கம்பெனிக்குப் போன் போட்டார். மோட்டார் போயிருக்கும், மிஷினை அனுப்புங்கள் என்றார்கள். அவர் எங்களிடம் வந்து நின்றார். "எம்மா, தீவாளி யாவாரம் தொடங்குது. ஈரத்துல ஒராளு வழுக்கி விழுந்தா என்னாகும்? சாயந்தரத்துக்குள்ள சரியாகலன்னா இத லாரில ஏத்திருவேன். திரும்பி வாங்குற சோலியே கெடையாது. பழையபடி துணியப் போட்டுத் தொடைங்க."

பேச்சியக்கா முழங்காலைத் தடவிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

தும்பிக்கையைக் குடைந்தோம், சுத்தமாக இருந்தது. ரப்பர் பட்டையைத் திருப்பி மாட்டினோம். தொட்டி நிறைந்தால் காற்றை அடைக்கிற மிதவைப் பந்து சிக்கியிருக்கிறதா என்று மிஷினைக் குலுக்கிப் பார்த்தோம், அதுவும் உள்ளே நன்றாகத்தான் ஆடியது. மோட்டார் கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் அக்கா, பூஜையில் மிஞ்சிய ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு மிஷின் முன்னால் நின்று குலசாமியைக் கூப்பிட்டாள். "எய்யா சொரிமுத்து, இத அனுப்ப விட்டுராதய்யா. இந்த முட்ட வச்சுக்கிட்டு நான் இனிமே தவழ மாட்டேன்."

ஊதுபத்தியை மூடிக்குப் பக்கத்தில் காட்டினாள். மேலே போக வேண்டிய புகை மேலே போகவில்லை. வளைந்து, கோடு பிடித்த மாதிரி மூடியின் இடுக்குக்குள் நுழைந்தது.

"எக்கா, புகையப் பாரு!"

மூடியைத் திறந்தோம். பொட்டுப் பொட்டாகக் காய்ந்த சந்தனம் சின்னக் கல் போல இறுகி, மூடியை விளிம்பில் உட்கார விடாமல் தூக்கிக்கொண்டிருந்தது. தும்பிக்கை வழியாக வர வேண்டிய காற்று முழுக்க அந்த இடுக்கு வழியாகவே போயிருக்கிறது. நகத்தால் சுரண்டினோம், ஈரத்துணியால் துடைத்தோம், பைய மூடினோம். வீர் என்ற கத்தல் அடங்கியது. அக்கா கையை வைத்தாள். கை ஒட்டிக்கொண்டது. உருவி எடுத்துத் திருப்பிக் காட்டினாள். நல்ல சிவப்பு வட்டம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பட்டுப்பிரிவிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையை மிதித்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. "ம்" என்றார். அவருக்கு அது பெரிய பாராட்டு. என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "சாமி கும்பிட்டோம் அண்ணாச்சி" என்றாள் அக்கா. பொய் இல்லையே.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு, மிஷினுக்கு நெற்றி எது என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டோம். சாவித் துவாரத்துக்கு மேலே, அங்கே மட்டும் ஒரே ஒரு பொட்டு. வைத்துவிட்டுப் பேச்சியக்கா அதன் முன்னால் விழுந்து கும்பிட்டாள். சுவரையும் பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்கவில்லை. தானாக எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். நான் கிண்ணத்தோடு அப்படியே நின்றேன்.

இப்போது அந்தக் கடை இல்லை. அண்ணாச்சி காலமான பிறகு பாகம் பிரித்து விற்றுவிட்டார்கள். அந்தக் கிரானைட் மேல் விற்பனைக்கு வந்த புதுக் கார்கள் நிற்கின்றன. மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டதாகக் கேள்வி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பேச்சியக்காவுக்குப் போன் போட்டேன். தானாக ஓடுகிற மிஷினைப் பற்றிச் சொன்னதும் முதலில் அவள் கேட்டது, "காலம்பற அதுக்குக் கை வச்சுப் பாக்கது யாரு?"

"யாரும் இல்லக்கா. அதுவே பாத்துக்கிடும்."

"சரி, ஆயுத பூசைக்காவது நெத்தியில ஒரு பொட்டு வைக்கச் சொல்லு. மூடியில வச்சிராம" என்றாள்.

சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். எங்கள் யானைக்கு நெற்றியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதற்குக் கண்ணும் சிரிப்புமாக முகமே இருக்கிறது. பொட்டு வைக்கத்தான் ஆளில்லை.